கணிப்பொறிக்கு ஏற்ற நினைவகம்: பொருத்தமும் சிக்கனமும்

மின்கணிப்பொறி ஒரு காலத்தில் ஆராய்ச்சி நிலையங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் மட்டுமே காணக்கூடிய அரும்பொருளாக இருந்தது. இன்று அதன் உறுப்புகளைத் தனித்தனியே விலைக்கு வாங்கி, ஒரு திருப்புளியின் உதவியால் வீட்டிலேயே பூட்டி அமைத்துக்கொள்வோர் நாடெங்கும் பெருகியிருக்கின்றனர். தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ். பி. ரோடு, கொல்கத்தாவின் சாந்தினி, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய கடைவீதிகள் இவ்வுறுப்புகளின் வாணிகத்துக்குப் பெயர் பெற்றவை. அங்கு வருவோருள் கல்லூரி மாணவரும், சிறு அச்சகம் நடத்துவோரும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் பல மாதச் சேமிப்பைக் கையிலெடுத்து வரும் பெற்றோரும் அடங்குவர்.

இவர்கள் வாங்கும் உறுப்புகளுள் உருவத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்று நினைவகம். கடைக்காரரிடம் 'ராம்' என்று கேட்டால், சுமார் 13 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய பட்டையை எடுத்துத் தருவார். பார்வைக்கு எல்லாப் பட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்த இயலாது. பொருந்தாத பட்டையை வாங்கியவருக்குப் பணம் நஷ்டமாகிறது. தேவைக்கு மேல் வாங்கியவருக்கும் அவ்வாறே. பழுதுள்ளதை வாங்கியவரோ, பழுது எங்குள்ளது என்று அறியாமலேயே மற்ற உறுப்புகளைக் குறை கூறிக்கொண்டு காலத்தைக் கழிக்கிறார்.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை வெகுவாக உயர்ந்தது. அதன் விளைவாக, முன்பு அலட்சியமாக வாங்கப்பட்ட இவ்வுறுப்பைப் பற்றி எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆகவே நினைவகம் எவ்வாறு இயங்குகிறது, எது எதற்குப் பொருந்தும், எவ்வளவு போதும், எதற்குப் பணம் தருவது வீண் என்பனவற்றை முறையாக அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

நினைவகம் என்பது யாது?

ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் வேலை செய்வதாகக் கொள்வோம். கோப்புகள் அனைத்தும் ரிக்கார்டு அறையில் உள்ளன. அன்றைய வேலைக்குத் தேவையானவை மட்டும் அவருடைய மேஜைமீது பரப்பப்பட்டிருக்கின்றன. மேஜை சிறியதாயின், ஒரு கோப்பைப் பார்ப்பதற்கு மற்றொன்றை எடுத்துச் சென்று வைத்துவிட்டு வரவேண்டும், வேலை தாமதமாகும். கணிப்பொறியில் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது ரிக்கார்டு அறை, நினைவகமே மேஜை, பிராசஸர் எனப்படும் செயலியே குமாஸ்தா. மேஜை போதிய அளவில் இருக்கும்வரை அதை மேலும் பெரிதாக்குவதால் குமாஸ்தாவின் கை விரைவு கூடிவிடாது என்பதும் இவ்வுவமையிலிருந்தே விளங்கும்.

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட தொடக்க காலக் கணிப்பொறிகளுள் முதன்மையானது, அன்று பம்பாய் என வழங்கிய மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய 'டிஃப்ராக்' ஆகும். 1960-இல் இயங்கத் தொடங்கிய இந்த இயந்திரத்துக்கு 1962-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு பெயர் சூட்டினார். ஃபெர்ரைட் எனும் காந்தப் பொருளாலான நுண்ணிய வளையங்களே இதன் நினைவகம். 40 இலக்கங்கள் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கியது. இக்கால அளவையில் இது 10 கிலோபைட் ஆகும். இன்று சாதாரண வீட்டுக் கணிப்பொறியில் பொருத்தப்படும் 8 ஜிகாபைட் பட்டை ஒன்று அதைப்போல் எட்டு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையது.

இம்மாற்றத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் டென்னார்டு என்னும் பொறியியலறிஞர். ஒரே ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரே ஒரு மின்தேக்கியையும் கொண்டு ஓர் இலக்கத்தைத் தாங்கும் அறையை அமைக்கலாம் என்னும் கருத்து அவருக்கு 1966-இல் தோன்றியது. 1968-இல் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிடில் பூஜ்யம் என்பதே இதன் தத்துவம். 1970-இல் இன்டெல் நிறுவனம் மின்னூட்டத்தைத் தேக்கும் இதே தத்துவத்தில் 1,024 இலக்கங்களைத் தாங்கும் சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் காந்த வளைய நினைவகம் வழக்கொழிந்தது.

ஆயினும் இந்த எளிய அமைப்பில் ஒரு குறை உண்டு. மின்தேக்கி ஒழுகும் குடத்தைப் போன்றது. அதிலுள்ள மின்னூட்டம் தானாகவே கசிந்துவிடும். எனவே ஒவ்வோர் அறையையும் அடிக்கடி படித்து, மீண்டும் நிரப்ப வேண்டும். டி.டி.ஆர்.4 வகையில், சாதாரண வெப்ப நிலையில், இவ்வேலை 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 8 ஜிகாபைட் பட்டையில் சுமார் 6,900 கோடி அறைகள் உள்ளன; அவை அனைத்தும் செகண்டுக்குப் பதினைந்து முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நிற்கும். சேமிக்கப்படாத வேலை அழிந்துபோகும். மின்தடை மிகுந்த ஊர்களில் யு.பி.எஸ். கருவியை ஆடம்பரம் எனக் கருதலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

தலைமுறைகளும் வேறுபாடுகளும்

இன்று புழக்கத்திலுள்ள நினைவகங்கள் 'டி.டி.ஆர்.' என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை செய்தியை அனுப்புவதால் இப்பெயர் ஏற்பட்டது. ஜெடெக் என்னும் சர்வதேசத் தொழில் அமைப்பு இவற்றின் அளவுகளை வரையறுத்து வெளியிடுகிறது. முதல் டி.டி.ஆர். வரையறை 2000-இலும், இரண்டாவது 2003-இலும், மூன்றாவது 2007-இலும், நான்காவது 2012-இலும், ஐந்தாவது 2020-இலும் வெளிவந்தன.

ஒவ்வொரு தலைமுறையிலும் மின்னழுத்தம் குறைந்து வந்திருக்கிறது. இரண்டாம் தலைமுறைக்கு 1.8 வோல்ட், மூன்றாவதற்கு 1.5 வோல்ட், நான்காவதற்கு 1.2 வோல்ட், ஐந்தாவதற்கு 1.1 வோல்ட் என்பன பொதுவான அளவுகள். மேஜைக் கணிப்பொறிப் பட்டையில் உள்ள தொடுமுனைகள் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் 240. நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், பட்டையின் அடிவிளிம்பிலுள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. தவறான பட்டை ஸ்லாட்டில் இறங்காமல் தடுப்பதற்காகவே இந்த ஏற்பாடு. வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்திப் பார்க்கக் கூடாது. அதைப் பட்டை தரும் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

மடிக்கணினிக்கான பட்டை இதில் ஏறக்குறைய பாதி நீளமே உடையது. அதன் தொடுமுனைகள் மூன்றாம் தலைமுறையில் 204, நான்காவதில் 260, ஐந்தாவதில் 262. விலை குறைவாக இருக்கிறது என்று மேஜைக் கணிப்பொறிக்காக அதை வாங்குவது பயனற்றது.

எதற்கு எது பொருந்தும்?

நினைவகம் வாங்கப் புறப்படும் முன், பிராசஸரின் பெயரையும், தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டின் மாதிரி எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மாதிரி எண் பெரும்பாலும் மதர்போர்டின் மேலேயே பெரிய எழுத்துக்களில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தால் தலைமுறை, ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை, மொத்தக் கொள்ளளவின் உச்சவரம்பு, வேகத்தின் வரம்பு ஆகிய நான்கும் தெரிந்துவிடும். சோதித்துப் பார்க்கப்பட்ட பட்டைகளின் பட்டியலையும் தயாரிப்பாளர் வெளியிடுவது வழக்கம். பட்டியலில் இல்லாதது இயங்காது என்பதில்லை. இருப்பது இயங்கும் என்பதற்கு அது உறுதி.

பொதுவாகக் கூறுமிடத்து, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 அமைப்புக்கு டி.டி.ஆர்.4 நினைவகமும், 2022-இல் வெளிவந்த ஏ.எம்.5 அமைப்புக்கு டி.டி.ஆர்.5 நினைவகமும் மட்டுமே பொருந்தும். இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14-ஆம் தலைமுறைக் 'கோர்' பிராசஸர்கள் இவ்விரண்டையும் ஏற்கும். ஆனால் அவற்றுக்கான மதர்போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றை மட்டுமே ஏற்கும். ஒரே பெயருள்ள மதர்போர்டு டி.டி.ஆர்.4-க்கு ஒன்றும் டி.டி.ஆர்.5-க்கு ஒன்றுமாக இரு வடிவங்களில் விற்கப்படுவதுண்டு. பெட்டியின்மீது எழுதியுள்ளதை முழுவதும் படிக்காதவர்கள் தவறுவது இவ்விடத்திலேதான். 2024-இல் வெளிவந்த 'கோர் அல்ட்ரா 200' வரிசை மேஜைப் பிராசஸர்களுக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே உரியது.

புதிதாக அமைப்போர் நினைவகத்தின் விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது. மதர்போர்டு, பிராசஸர், நினைவகம் ஆகிய மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்தே எந்தத் தலைமுறை சிக்கனமானது என முடிவு செய்ய வேண்டும். முந்திய தலைமுறை நினைவகம் எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. உற்பத்தி குறையத் தொடங்கியதும் பழைய வகையின் விலை ஏறுவதுண்டு, 2025-இல் டி.டி.ஆர்.4 வகைக்கு நேர்ந்தது இதுவே.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். பெரிய சர்வர் இயந்திரங்களிலிருந்து கழிக்கப்பட்ட பட்டைகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைப்பதுண்டு. 'ரெஜிஸ்டர்டு' என்னும் இவ்வகைப் பட்டையில் பிராசஸருக்கும் சில்லுகளுக்கும் இடையே ஒரு துணைச் சில்லு உண்டு. வீட்டுக் கணிப்பொறியின் மதர்போர்டு இதை ஏற்காது. டி.டி.ஆர்.4 வகையில் இது ஸ்லாட்டில் சரியாக இறங்கிவிடும். ஆனால் இயந்திரம் தொடங்காது. எனவே வாங்கும்போது 'அன்பஃபர்டு' வகைதானா என்று கேட்டறிய வேண்டும்.

எவ்வளவு போதும்?

கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், பாடம் படித்தல், இணையத்தில் செய்தி காணுதல் ஆகிய வேலைகளுக்கு 8 ஜிகாபைட் இடம் தருகிறது. ஒரே சமயத்தில் பல பக்கங்களைத் திறந்து வைப்போர், புகைப்படங்களைத் திருத்துவோர், புரோகிராம் எழுதப் பயில்வோர், விளையாட்டில் நாட்டமுள்ளோர் ஆகியோருக்கு 16 ஜிகாபைட் ஏற்றது. திரைப்படத் தொகுப்பு வேலையையோ, ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்களை இயக்கும் பயிற்சியையோ மேற்கொள்வோருக்கே 32 ஜிகாபைட் தேவைப்படும்.

ஏற்கெனவே ஒரு கணிப்பொறி உள்ளவர்கள் ஊகிக்க வேண்டியதே இல்லை. அன்றாடம் செய்யும் வேலைகளுள் மிகக் கடினமானதைத் தொடங்கிவிட்டு, விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்பதையும், லினக்ஸில் 'சிஸ்டம் மானிட்டர்' என்பதையும் திறந்து, நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று பார்த்தால் போதும். அவ்வளவோடு கால் பங்கு சேர்த்துக்கொள்வது தக்க அளவாகும். 8 ஜிகாபைட்டில் ஐந்துக்கு மேல் என்றுமே நிரம்பாத இயந்திரத்தில் மேலும் 8 சேர்ப்பதால் வேகம் கூடாது. அத்தகைய இயந்திரம் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டே தொடங்குகிறது எனில், அப்பணத்தை எஸ்.எஸ்.டி. வாங்குவதில் செலவிடுவதே அறிவுடைமை.

பழைய இயந்திரங்களில் கவனிக்க வேண்டிய மற்றொன்று ஆபரேட்டிங் சிஸ்டம். சாதாரண 32 இலக்க வகை விண்டோஸ் 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது. அங்கு 8 ஜிகாபைட் வாங்கிப் பொருத்தினால் பாதி வீணே கிடக்கும். 64 இலக்க வகையை நிறுவிய பின்னரே கூடுதல் நினைவகம் பயன்படும்.

வேகம்: எண்களின் பொருள்

பட்டையின்மீது 3200, 4800, 6000 போன்ற எண்கள் காணப்படும். இவை செகண்டுக்கு எத்தனை மில்லியன் தடவை செய்தி அனுப்பப்படுகிறது என்பதைக் குறிப்பன. ஒவ்வொரு தடவையும் 8 பைட்டுகள் செல்வதால், டி.டி.ஆர்.4-3200 பட்டை செகண்டுக்கு 25,600 மெகாபைட் வரை செலுத்த வல்லது. 'பி.சி.4-25600' என்று லேபிளில் எழுதப்பட்டிருப்பது இதையே. 3200, 25600 என்னும் இரண்டும் ஒரே பட்டையின் இரு பெயர்கள். எண் பெரிதாக இருக்கிறதென்று இதை வேறொன்றாகக் கருதி அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

'சி.எல்.' என்னும் எழுத்துக்களோடு வரும் மற்றோர் எண், கேட்ட செய்தியின் முதற்பகுதி வருவதற்குக் காத்திருக்க வேண்டிய துடிப்புகளின் எண்ணிக்கை. இதை நேரமாக மாற்றுவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோ செகண்டில் கிடைக்கும். 3200 வேகமும் சி.எல்.16-உம் உடைய பட்டைக்கு 10 நானோ செகண்டு. 3200 வேகமும் சி.எல்.22-உம் உடையதற்கு 13.75 நானோ செகண்டு. 4800 வேகமும் சி.எல்.40-உம் உடைய டி.டி.ஆர்.5 பட்டைக்கு 16.67 நானோ செகண்டு. 6000 வேகமும் சி.எல்.30-உம் உடையதற்கு மீண்டும் 10 நானோ செகண்டு. புதிய தலைமுறையில் செய்தி செல்லும் பாதை அகன்றிருக்கிறதேயன்றி, முதற்செய்திக்காகக் காத்திருக்கும் நேரம் பெரிதும் குறையவில்லை என்பது இதனால் விளங்கும்.

விரைவான பட்டையை வாங்கியதும் அது தானாகவே அவ்வேகத்தில் ஓடும் என்று எண்ணலாகாது. 3200 என்று குறிக்கப்பட்ட பட்டைகள் பல, முதன்முதலில் 2133 அல்லது 2400 வேகத்திலேயே தொடங்குகின்றன. மதர்போர்டின் 'பயாஸ்' அமைப்புக்குள் சென்று 'எக்ஸ்.எம்.பி.' அல்லது 'எக்ஸ்போ' என்னும் ஏற்பாட்டை இயக்கினால்தான் குறித்த வேகம் கிடைக்கும். இதைச் செய்யாமல் பல ஆண்டுகள் கழிப்பவரும் உண்டு.

மதர்போர்டே வேகத்தைத் தடுக்கும் இடங்களும் உள்ளன. எடுத்துக்காட்டாக, இன்டெல் 10-ஆம் தலைமுறையைச் சார்ந்த ஐ5-10400 பிராசஸரை எச்.410 வகை மதர்போர்டில் பொருத்தினால், நினைவகம் 2666 வேகத்துக்கு மேல் செல்லாது. அங்கு 3600 பட்டையை வாங்கியவர் செலுத்திய கூடுதல் விலைக்குப் பயன் எதுவுமில்லை. பளபளக்கும் உலோக உறைக்கும் வண்ண விளக்குகளுக்கும் தரும் விலையும் இத்தகையதே. உயரமான உறை சில சமயம் பிராசஸரின் விசிறியில் இடிக்கவும் கூடும்.

ஒரு பட்டையா, இரண்டா?

வீட்டுக் கணிப்பொறியின் பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையே பொதுவாக இரு தடங்கள் உள்ளன. ஒரே பட்டை இருந்தால் ஒரு தடமே பயன்படுகிறது. ஒரே மாதிரியான இரண்டு பட்டைகளை உரிய ஸ்லாட்டுகளில் வைத்தால் இரு தடங்களும் இயங்கி, 3200 வேகத்தில் செகண்டுக்கு 51,200 மெகாபைட் வரை செல்ல வழி ஏற்படுகிறது. நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டில், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமே இதற்குரியவை. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

கடிதமும் கணக்கும் எழுதுவோருக்கு இவ்வேறுபாடு புலப்படாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில்தான் இது முக்கியமாகிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரில் படம் வரையும் பகுதி உள்ளேயே அடங்கியிருக்கிறது. அதற்குத் தனி நினைவகம் இல்லை. பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரு தடம் மூடப்பட்டிருந்தால் விளையாட்டுகளிலும் படவேலைகளிலும் தாமதம் கண்கூடாகத் தெரியும். குறைந்த செலவில் அமைக்க விரும்பி இவ்வகைப் பிராசஸரைத் தேர்ந்தெடுப்பவர், 16 ஜிகாபைட் பட்டை ஒன்றைவிட 8 ஜிகாபைட் பட்டைகள் இரண்டை வாங்குவதே முறை.

கையிலுள்ள பணம் 8 ஜிகாபைட்டுக்கு மட்டுமே போதும் எனில் என் செய்வது? இரண்டு ஸ்லாட்டுகளே உள்ள மதர்போர்டில் 4 ஜிகாபைட் பட்டைகள் இரண்டை நிரப்பிவிட்டால், பின்னர் விரிவாக்கும்போது அவற்றைக் கழற்றி எறிய நேரும். 8 ஜிகாபைட் பட்டை ஒன்றைப் பொருத்தி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைத்தால், வசதி ஏற்படும்போது அதே மாதிரியான மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை வேகத்தில் ஏற்படும் சிறு குறையைப் பொறுத்துக்கொள்வது நஷ்டமாகாது. வெவ்வேறு வேகமுள்ள பட்டைகளைச் சேர்த்தால் அனைத்தும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். சில வேளைகளில் இணங்காமலும் போகலாம். எனவே முதற்பட்டையின் மாதிரி எண்ணை மறவாமல் எழுதி வைக்க வேண்டும்.

டி.டி.ஆர்.5 அமைப்புகளில் நான்கு பட்டைகளைப் பொருத்தினால் உறுதியளிக்கப்பட்ட வேகம் கணிசமாகக் குறைந்துவிடும். அங்கு இரண்டு பெரிய பட்டைகளே சிறந்தவை.

பழைய இயந்திரங்களும் பழைய பட்டைகளும்

அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட இன்டெல் 2, 3, 4-ஆம் தலைமுறை இயந்திரங்கள் பல ஊர்களில் விலைக்கு வருகின்றன. இவற்றுக்கு டி.டி.ஆர்.3 நினைவகம் தேவை. எச்.61, எச்.81 வகை மதர்போர்டுகள் பொதுவாக 8 ஜிகாபைட் பட்டைகள் இரண்டை ஏற்று, 16 ஜிகாபைட்டோடு நின்றுவிடும். அதற்கும் முந்திய ஜி.41 வகை மதர்போர்டுகளில் பட்டையிலுள்ள சில்லுகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 4 ஜிகாபைட் பட்டை இருபுறமும் சேர்த்து 16 சில்லுகள் கொண்டதாக இருந்தால் ஏற்கும்; 8 சில்லுகள் மட்டும் கொண்ட புதிய அமைப்பாயின் ஏற்காது.

'ஏ.எம்.டி. மட்டும்' என்ற குறிப்புடன் மலிவாக விற்கப்படும் டி.டி.ஆர்.3 பட்டைகளும் உண்டு. இவற்றிலுள்ள சில்லுகளின் உள்ளமைப்பு வேறுபட்டது, பழைய ஏ.எம்.டி. மதர்போர்டுகள் மட்டுமே இதை அறியும். இன்டெல் இயந்திரத்தில் இது இயங்காது.

புதிதாயினும் பழையதாயினும், வரிசை எண் குறிக்கப்பட்ட பில் வாங்குவது அவசியம். பல நிறுவனங்கள் நினைவகத்துக்கு நீண்டகால உத்தரவாதம் அளிக்கின்றன. பில் இல்லாதவருக்கு அது கிட்டாது. உலகின் நினைவகச் சில்லுகளுள் மிகப் பெரும்பகுதி தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. வேறு பல நிறுவனங்கள் இச்சில்லுகளை வாங்கிப் பட்டையாக்கித் தம் பெயரில் விற்கின்றன. ஆதலின் பெயரின் கவர்ச்சியைவிட, உத்தரவாதத்தின் காலமும், அதை நிறைவேற்றும் நிலையம் அருகில் உள்ளதா என்பதும் கவனிக்கத் தக்கவை.

பொருத்தலும் சோதித்தலும்

பொருத்தும்போது மின் இணைப்பை நீக்கிவிட வேண்டும். உடலில் சேர்ந்துள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்க வல்லது. வட இந்தியாவின் வறண்ட குளிர் காலத்தில் இந்த அபாயம் அதிகம். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டபின் பட்டையை விளிம்பில் பிடித்து எடுக்க வேண்டும். வெட்டைப் பொருத்தி, இரு முனைகளையும் சமமாக அழுத்தினால் கொக்கி 'டக்'கென்று விழும்.

கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் ஓராண்டு இருந்த இயந்திரம் திடீரெனத் தொடங்க மறுத்தால், உடனே புதிய பட்டை வாங்கப் புறப்பட வேண்டியதில்லை. பட்டையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பல சமயங்களில் இயங்கிவிடும். பழுதுபார்ப்போர் முதலில் கையாளும் முறை இதுவே. டி.டி.ஆர்.5 இயந்திரம் முதன்முறை தொடங்கும்போது சில நிமிடங்கள் திரை இருண்டே இருக்கலாம். மதர்போர்டு அப்போது நினைவகத்தோடு தன்னை இசைவித்துக்கொள்கிறது. அந்நேரத்தில் பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்தலாகாது.

இறுதியாக, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான தவணை முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். 'மெம்டெஸ்ட்86+' என்னும் இலவசச் சாதனத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயந்திரத்தைத் தொடங்கி, ஓரிரவு முழுவதும் ஓட விடலாம். ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. முதலில் எக்ஸ்.எம்.பி. ஏற்பாட்டை நீக்கி மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் பிழை நீடித்தால், ஒவ்வொரு பட்டையாகத் தனித்து வைத்துப் பார்த்துப் பழுதுள்ளதைக் கண்டுபிடிக்கலாம்.

இச்சோதனையை வலியுறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. விசிறி கெட்டால் ஓசை காட்டும். திரை கெட்டால் கண்ணுக்குத் தெரியும். நினைவகத்தில் ஓர் அறை கெட்டால் எந்த அறிகுறியும் இன்றிக் கணக்கில் ஓர் இலக்கம் மாறலாம். ஒரு புகைப்படம் சிதையலாம். பல நாள் உழைத்து எழுதிய கட்டுரை திறக்க முடியாமற் போகலாம். கெட்ட செய்தியே ஹார்டு டிஸ்க்கில் நல்ல செய்திபோல் பதிவாகும். டி.டி.ஆர்.5 சில்லுகளுக்குள்ளேயே பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உள்ளது எனினும், சில்லுக்கும் பிராசஸருக்கும் இடையே நேரும் பிழையை அது கண்டுகொள்வதில்லை.

விலையேற்றமும் விவேகமும்

செயற்கை அறிவுக்கான பெரும் கணிப்பு நிலையங்கள் உலகெங்கும் எழும்பியதால், நினைவக உற்பத்தியாளர்கள் தம் திறனின் பெரும்பகுதியை அவற்றின் பக்கம் திருப்பினர். 2025-இன் பிற்பகுதியில் நேர்ந்த விலையேற்றத்துக்கு முக்கியக் காரணம் இதுவே. அவ்வாண்டு டிசம்பரில், பொதுமக்களுக்குக் 'குரூஷியல்' என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த தொழிலைக் கைவிடப் போவதாக மைக்ரான் அறிவித்தது. இவ்வாறு எங்கோ நடைபெறும் மாறுதல், ஒரு சிற்றூர் மாணவன் வாங்க எண்ணியிருந்த பட்டையின் விலையை இரவோடிரவாக மாற்றிவிடுகிறது.

விலையைக் கட்டுப்படுத்துவது வாங்குவோரின் கையில் இல்லை. வீண் செலவைத் தவிர்ப்பது அவர்கள் கையில் உள்ளது. மதர்போர்டு ஏற்கும் தலைமுறை, உண்மையில் தேவைப்படும் அளவு, மதர்போர்டு அனுமதிக்கும் வேகம் ஆகிய மூன்றையும் முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன் பின்னர் விலையை ஜிகாபைட்டுகளால் வகுத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஏமாறுவதற்கு இடமில்லை. தேவை நெருக்கடியானதல்ல எனில், உள்ள நினைவகத்தைக் கொண்டே தொடங்கும்போது தாமாக எழும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்தி வைத்து, விலை தணியும் காலத்துக்காகக் காத்திருப்பதும் ஒரு வகைக் கொள்முதலே ஆகும்.